ஜாமீன் கிடைத்தும் வெளிவராதவர்கள்

(திருமழிசையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருமழிசை ஆழ்வார் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு அவரை நினைக்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன் அவரைக் கண்டெடுத்து வளர்த்த கதை இந்த ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். எனக்கு இன்று வேண்டியது காஞ்சிபுரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னனைப் புகழ்ந்து பாட மறுத்தார். மன்னன் வேறெதையும் விசாரிக்கவில்லை. ஊரை விட்டுப் போ என்று ஆணையிட்டான். சீடர் கிளம்பினார். அவரோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதும் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மூவரும் திரும்பினார்கள்.

அரசின் ஆணைக்கு முன்னால் தனியாக நின்ற ஒருவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார்; அதனால் அவர் பிழைத்தார். இன்றைக்கும் நம் குற்றவியல் நீதிமன்றங்களில் கைதாகி நிற்பவருக்குப் பின்னால் வந்து நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் இதே பகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். அவர் கையில் வீட்டு வரி ரசீதும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத ஏழைக்கு என்ன நேர்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்பதுதான் என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு முன்னால் ஒருவரை வெளியே விடலாமா என்ற கேள்விக்கு அவருடைய சொத்து பதிலாக இருக்கக் கூடாது. இந்தக் கருத்தை நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அது கீழே உள்ள நீதிமன்றங்களில் அன்றாட நடைமுறையாக வேண்டும். அதற்கு நீதிபதிகள் மட்டும் போதாது, நாமும் வேண்டும்.

கைது முதல் கையெழுத்து வரை

நடைமுறை தெரியாதவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. மாஜிஸ்திரேட் 15 நாள் ரிமாண்ட் என்று எழுதினால், நம் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் புழலுக்குப் போவார்கள். 2006-இல் சென்னை மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய இடத்திலிருந்து அங்கே மாறியது. தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒரு சிறை என்று அங்கே தனித்தனியாக இருக்கின்றன.

பிறகு ஜாமீன் மனு. மனு ஏற்கப்பட்டு ஆணையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பால் பொங்குகிறது. ஆனால் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது? பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த சம்பந்தமுள்ள உறவினர். ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் நகலோ வங்கிப் புத்தக நகலோ தர வேண்டும். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஜாமீன் ஆணைகளைப் படித்தவர்களுக்கு இந்த வாசகங்கள் மனப்பாடம்.

இதில் எங்கேயும் பணத்தைக் கட்டு என்று இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ரொக்கத்தைக் கட்டினால்தான் கதவு திறக்கும். கையில் இல்லாதவர் பிணை வியாபாரியிடம் கட்டணம் கொடுத்து வெளியே வருவார். இங்கே பெரும்பாலும், குற்றம் சாட்டப்பட்டவர் வராவிட்டால் இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு என்று இன்னொருவர் எழுதிக் கொடுக்கிறார். அந்த இன்னொருவர் அந்தத் தொகைக்குத் தகுதியானவர்தான் என்று எப்படி நம்புவது? அங்கேதான் சொத்து வரி ரசீது வருகிறது, வாகனத்தின் ஆர்.சி. புத்தகம் வருகிறது, வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் வாங்கும் சான்று வருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. ரொக்கம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, சொத்துள்ளவரின் சிநேகத்தைக் கேட்கிறோம். ஏழைக்கு ரொக்கத்தைவிட அது அரிது.

மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாக்களில் நின்று பழகிய வழக்கறிஞனாகச் சொல்கிறேன். அந்த வராந்தாக்களில் ஒரு சந்தையும் நடக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காத குடும்பம் தரகரைத் தேடிப் போகிறது. முன்பின் தெரியாத ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு, இவர் என் உறவினர் என்று கையெழுத்துப் போடுகிறார். போலி ரசீதும் புழங்குகிறது. அந்தக் கையெழுத்துக்காக மனைவியின் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நாளை வராமல் போனால் அந்த வாடகை ஜாமீன்தாரர் அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவாரா? வரமாட்டார். ஆகவே இந்த ஏற்பாடு ஏழையை வதைக்கிறது. நீதிமன்றத்துக்கும் பாதுகாப்புத் தரவில்லை. ஒருவர் வாய்தாவுக்குத் திரும்பி வருவாரா என்பதைச் சொத்தால் கணிப்பது, காய்ச்சலை முழக்கோலால் அளப்பது போன்றது.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். அந்த ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர். நான்கில் மூன்று பங்கு. இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தண்டனை அனுபவிக்கும் இடம் என்று நாம் நினைக்கும் சிறை, உண்மையில் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடமாக இருக்கிறது.

ஜாமீன் ஆணை வந்த பிறகும் சிறையிலேயே இருப்பவர்களின் கணக்கு இன்னும் கொடுமையானது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன விவரப்படி, 2022-இன் இறுதியில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களுக்குச் சட்ட உதவி தரும் முயற்சி தொடங்கி 1,417 பேர் வெளியே வந்தார்கள். நீதிபதி இவர்களை விடலாம் என்று சொல்லிவிட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து தடுக்கவும் இல்லை. ஆனாலும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை, ஆவணம் சேரவில்லை, அல்லது ஒருவர் மேல் பல வழக்குகள் இருந்து எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் தேட முடியவில்லை. அரசு அவர்களை வைத்திருக்க விரும்பவில்லை, வறுமை வைத்திருக்கிறது.

திருமழிசைக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமல்ல. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கும், அம்பத்தூர், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரிலோ இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் மேல் செல்போன் திருட்டு என்று ஒரு சந்தேகம் விழுகிறது என்று வையுங்கள். அவர் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். அவருடைய ரத்த உறவு இருப்பது இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால். அங்கே அவருடைய அப்பாவுக்கு நிலமே இருந்தாலும் அந்தப் பட்டா இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார்? அதே சந்தேகம் இந்த ஊரில் சொந்த வீடுள்ள ஒருவரின் மகன் மேல் விழுந்தால், ஆணை வந்த மறுநாளே அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். இருவர் மேலும் ஒரே குற்றச்சாட்டு, ஒரே சட்டப் பிரிவு. ஆனால் சிறையில் கழியும் நாட்கள் ஒன்றல்ல.

ஒரு கொத்தனாரின் வழக்கு

இதே கேள்வி 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கு. மனுதாரர் ஒரு கொத்தனார். அவருக்கு ஜாமீன் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அன்றைய பத்தாயிரம் ஒரு கொத்தனார் கனவிலும் காணாத தொகை. அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தார். ஆனால் சகோதரரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருந்ததால் அந்தப் பிணையை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

வழக்கைக் கேட்டவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்தவர். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்து சிறைகளின் நிலையை நேரில் பார்த்தவர். அவர் இரண்டு விஷயங்களைத் தீர்த்துச் சொன்னார். ஜாமீன் என்றால் ஆள் ஜாமீனோடுதான் என்பதில்லை. ஒருவரின் சொந்தப் பத்திரத்தின் பேரிலும் நீதிமன்றம் விடலாம். இரண்டாவது, வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஒரு ஜாமீன்தாரரை ஒதுக்குவது ஒரே நாட்டின் குடிமக்களுக்குள் பாகுபாடு காட்டுவதாகும். தென்னாட்டுக்காரர் ஒருவர் போர்ட் பிளேரிலோ தில்லியின் சாந்தினி சௌக்கிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே அவர் கேட்டார். கடைசியில் அந்தக் கொத்தனாரை ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார்.

அன்று அவர் நினைத்துப் பார்த்தது வடக்கே மாட்டிக்கொள்ளும் தமிழரை, மலையாளியை. இன்று நம் ஊர் ஆலைகளில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு அதே கேள்வி திரும்பியிருக்கிறது. நம் பிள்ளை தில்லியில் கைதானால் எந்த நியாயத்தைக் கேட்போமோ அதை இங்கே வந்த பிள்ளைக்கும் கொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு, 1979-இல், பிகார் சிறைகளின் நிலை வெளியே வந்தது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி கே.எஃப். ருஸ்தம்ஜி எழுதிய கட்டுரைகள் இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழில் வந்தன. அவற்றைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறோமே, அதுதான். குற்றம் நிரூபணமானாலே கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தைவிட அதிக காலம், விசாரணையே தொடங்காமல் பலர் சிறையில் கிடந்தார்கள். நீதிபதி பி.என். பகவதி அவர்களைச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். அந்த வழக்கின் விளைவாக நாடு முழுவதும் விடுதலையானவர்கள் ஏறத்தாழ 40,000 பேர் என்று சொல்லப்படுகிறது. ஒருவரைச் சொந்தப் பத்திரத்தில் விடலாமா என்று முடிவு செய்ய எதைப் பார்க்க வேண்டும் என்றும் பகவதி பட்டியல் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு காலமாக அந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்பம் எங்கே, அவரைத் தெரிந்த பொறுப்பான மனிதர்கள் யார், முன்பு வழக்கு உண்டா, முன்பு வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தாரா. எல்லாமே மனிதரைப் பற்றிய கேள்விகள். சொத்துப் பற்றிய கேள்வி அதில் முதலிடம் பெறவில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது

நம் நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதான ஒருவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால் அவரை வறியவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆவது பிரிவிலும் அது இருக்கிறது. 479-ஆவது பிரிவு, குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடச் சொல்கிறது. இதற்கு முன் தண்டனை பெறாத முதல்முறைக்காரர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. காலம் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே சட்டம் வைத்திருக்கிறது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு வார விதி ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றங்களுக்கு மட்டும். சாதாரணத் திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அது பெரும்பாலும் உதவாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் 479-இன் சலுகையும் போய்விடுகிறது. ஒரு வழக்கில் பிடித்து நாலு பழைய வழக்கில் பெயரைச் சேர்ப்பது தெரிந்த கதை. யாருக்கு மிகவும் தேவையோ அவரையே இந்த விலக்கு வெளியே தள்ளுகிறது.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் விரிவான தீர்ப்புத் தந்தது. அதை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எம்.எம். சுந்தரேஷ். இங்கிலாந்தில் 1976-இலிருந்து இருப்பது போல ஜாமீனுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரலாம் என்று மத்திய அரசுக்கு அந்தத் தீர்ப்பு யோசனை சொன்னது. 2023 ஜனவரி 31-இல் இன்னொரு ஆணை வந்தது. இங்கே இருப்பவர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜாமீன் ஆணையின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற பிடிவாதமே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்பதால், அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றும் அந்த ஆணை சொல்கிறது. 2024 ஆகஸ்டில், 13 வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும் அத்தனைக்கும் ஆள் தேட முடியாமல் சிறையிலிருந்த ஒருவருக்கு, ஒரே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு வழி செய்தது.

குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022 நவம்பர் 26 அரசியல் சாசன நாளில் ஏழைக் கைதிகளைப் பற்றி மனம் திறந்து பேசினார். அடுத்த ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்காக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல திட்டம், தேவையானவருக்குக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். என்றாலும் அரசே வழக்குப் போட்டு, அரசே பணம் கேட்டு, அந்தப் பணத்தை அரசே கட்டுவதைவிட, பணமே கேட்காமல் விடுவது எளிது, நேர்மையும்கூட.

அமெரிக்கா நடத்தும் விவாதம்

இந்தக் கேள்வியில் அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். கிருஷ்ணய்யர் 1978 தீர்ப்பில் எடுத்துக்காட்டியதே நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தைத்தான். 1961-இல் வேரா அறக்கட்டளை அதைத் தொடங்கியது. சட்ட மாணவர்கள் கைதானவர்களிடம் போய் வீடு எங்கே, வேலை என்ன, குடும்பத்தில் யார் யார் என்று கேட்டு நீதிபதியிடம் அறிக்கை தந்தார்கள். அதை நம்பிப் பணமில்லாமல் விடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வாய்தாவுக்குத் தவறாமல் வந்தார்கள். ஆனாலும் பின்னாளில் அந்த நாடே ரொக்க ஜாமீனில் ஆழமாக இறங்கியது. 2010-இல் நியூயார்க்கில் 16 வயதுச் சிறுவன் ஒரு பையைத் திருடியதாகக் கைதானான். 3,000 டாலர் கட்ட வழியில்லாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறக்குறைய மூன்றாண்டு கிடந்தான். அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. கடைசியில் வழக்கே தள்ளுபடியானது. வெளியே வந்து இரண்டே ஆண்டில், 2015-இல், அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த மரணம் அந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது.

நியூஜெர்சி 2017-இல் ரொக்க ஜாமீனைப் பெருமளவு கைவிட்டது. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18-இல் அதை முழுமையாக ஒழித்த முதல் மாநிலமானது. அங்கே இப்போது ஒருவரைச் சிறையில் வைக்க வேண்டுமானால், அவர் ஓடிப்போவார் என்றோ பிறருக்கு ஆபத்து என்றோ அரசுத் தரப்பு விசாரணையில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் எத்தனை கோடி வைத்திருந்தாலும் சிறைதான். நிரூபிக்காவிட்டால் சல்லிக்காசு இல்லாவிட்டாலும் வீடுதான். இதற்கு எதிர்ப்பும் வலுவாக இருக்கிறது. நியூயார்க் 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தத்தைக் குற்றம் பெருகும் என்ற அச்சத்தால் மூன்று முறை திருத்தியது. கலிஃபோர்னியா மக்கள் 2020 வாக்கெடுப்பில் ரொக்க ஜாமீன் ஒழிப்பை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் ரொக்கமில்லா ஜாமீனுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார்.

நியாயமான கேள்விகள்

அச்சப்படுகிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களுடைய கேள்விகள் நியாயமானவை.

விட்டுவிட்டால் ஓடிவிட மாட்டானா என்பது முதல் கேள்வி. சிலர் ஓடுவார்கள். ஆனால் வாய்தாவுக்கு வராதவர்களில் பலர் ஓடிப்போனவர்கள் அல்ல. தேதி தெரியாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், எந்த நீதிமன்றம் என்று புரியாதவர்கள். நியூயார்க் நகரில் சிறு வழக்குகளில் தேதியை நினைவூட்டிக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். வராமல் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2020-இல் வெளியான ஆய்வு இது. ஒரு குறுஞ்செய்தி செய்யும் வேலையை வரி ரசீது செய்வதில்லை.

புகார் கொடுத்த பெண்ணின் பாதுகாப்பு என்ன என்பது இரண்டாவது கேள்வி. மிக முக்கியமான கேள்வி. மனைவியை அடித்தவன், சாட்சியை மிரட்டுகிறவன், சாதி ஆணவத்தில் கை ஓங்கியவன் வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவர் நடுங்கத்தான் செய்வார். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இன்றைய முறை அவரைக் காப்பாற்றுகிறதா? அடித்தவனிடம் சொத்து இருந்தால் மறுநாளே வெளியே வருகிறான். ஆபத்தானவரை ஆபத்தின் காரணம் சொல்லி, பாதிக்கப்பட்டவரின் குரலையும் கேட்டு, வெளிப்படையான ஆணையால் நிறுத்த வேண்டும். பணத்தைக் கருவியாக்கினால் பணக்கார மிரட்டல்காரன் தப்புவான், ஏழை நிரபராதி மாட்டுவான்.

மூன்றாவது, கொடிய குற்றங்கள். பணத்தைப் பற்றிப் பேசும்போதே, ஜாமீனே கிடையாது என்னும் சட்டங்களையும் பார்க்க வேண்டும். பக்கத்துப் பூந்தமல்லியில் நடந்ததை நினைவூட்டுகிறேன். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டது நாட்டையே கலங்கடித்த கொடுமை. அத்தகைய சட்டமான தடாவின் கீழ் விசாரித்த பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. வேறு சிறு குற்றங்களுக்கு ஏற்கெனவே அனுபவித்த சிறையே போதும் என்று வெளியே விட்டது. கொலைக்குப் பொறுப்பில்லை என்று கடைசியில் முடிவான அத்தனை பேரும் அதற்குள் பல ஆண்டுகளைச் சிறையில் இழந்திருந்தார்கள். குற்றச்சாட்டின் கனம், குற்றத்தின் நிரூபணம் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பண ஜாமீன் போன இடத்தில் விசாரணையில்லாத் தடுப்புக் காவல் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 1982-இன் 14-ஆம் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்கிறோமே, ஓராண்டு வரை ஒருவரை விசாரணையின்றி அடைக்க அனுமதிக்கிறது. ஜாமீன் கிடைத்துவிடுமோ என்ற நிலையில் அது பாய்வதைப் பார்க்கிறோம். தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலமாகத் தேசியப் புள்ளிவிவரத்தில் தமிழ்நாடு நிற்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் ஆணைகளும் ஏராளம். ரத்தாவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். ஜாமீன் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பாதி உண்மையைத்தான் பேசுகிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

முதல் கோரிக்கை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், முதல்முறைக்காரருக்குச் சொந்தப் பத்திரமே இயல்பான விதியாக வேண்டும். ஆள் ஜாமீன் கேட்கும் மாஜிஸ்திரேட் ஏன் கேட்கிறார் என்று இரண்டு வரி எழுத வேண்டும். புதிய சட்டமே ஜாமீன்தாரரோடு கூடிய பத்திரத்தையும் ஜாமீன்தாரர் இல்லாத பத்திரத்தையும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. இரண்டாவதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாவது. ஆள் ஜாமீன் அவசியம் என்றால் ஒருவர் போதும். அவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. ரத்த உறவு, சொத்து ஆவணம் என்ற பிடிவாதம் வேண்டாம். வேலை கொடுத்தவரோ தொழிற்சங்கத்து நிர்வாகியோ ஆசிரியரோ வந்து எனக்கு இவரைத் தெரியும் என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

மூன்றாவது. முதல் ரிமாண்ட் நேரத்திலேயே சட்ட உதவி வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும். காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பகவதி போட்ட பட்டியலை ஒரு பக்கப் படிவமாக்கி, அந்த வழக்கறிஞர் நிரப்பி மாஜிஸ்திரேட் கையில் கொடுக்கட்டும்.

நான்காவது. தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்து என்ற நிபந்தனை கூலிக்காரரின் வேலையைப் பறிக்கும் தண்டனை. உண்மையான தேவை இருந்தால் வாரம் ஒரு நாள், வேலை நேரத்துக்கு வெளியே வைக்கலாம். வாய்தா தேதி அவரவர் மொழியில் கைபேசிக்குப் போகட்டும். ஒடியா பேசுகிறவருக்கு ஒடியாவில், இந்தி பேசுகிறவருக்கு இந்தியில்.

ஐந்தாவது. உச்ச நீதிமன்றம் யோசனை சொன்ன ஜாமீன் சட்டம் வர வேண்டும். ஒரு வார விதி எல்லாச் சாதாரணக் குற்றங்களுக்கும் விரிய வேண்டும். பல வழக்கு என்ற ஒரே காரணத்துக்காக 479-இன் சலுகையை மறுப்பது நீங்க வேண்டும்.

இவையெல்லாம் அரசிடமும் நீதிமன்றத்திடமும் கேட்பவை. உங்களிடமும் கேட்கிறேன். பட்டறை முதலாளிகளே, உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் கொடுங்கள். வழக்கு நாளில் அந்தத் தாள்தான் அவர் இந்த ஊரில் வேர் உள்ளவர் என்பதற்குச் சான்று. கைதானார் என்ற செய்தி வந்த அன்றே வேலையை விட்டு நீக்காதீர்கள்; வேலை இருப்பவர் வாய்தாவுக்குத் திரும்பி வருவார். சங்கத்துத் தோழர்களே, ஜாமீன் ஆணை வந்தும் ஏழு நாளில் உங்கள் ஆள் வெளியே வராவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். இலவச அழைப்பு எண் 15100. ஒரு மாதம் கழிந்தால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடுங்கள். சட்ட மாணவர்களே, அறுபது ஆண்டுக்கு முன்னால் நியூயார்க் மாணவர்கள் செய்ததை இந்த வட்டார நீதிமன்றங்களில் நீங்கள் செய்யலாம். தேவைப்படுவது ஒரு படிவம், ஒரு பேனா, அந்த மனிதரோடு பத்து நிமிடம்.

வீடு உள்ளவர்களே, உங்களிடம் ஒரு கடைசி வேண்டுகோள். உங்கள் தெருவில் வருஷக்கணக்காக இருக்கும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் மாட்டிக்கொண்டால், பிணை நிற்கத் தயங்காதீர்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது நடைமுறையாகும் வரை அவர்களுக்கு உங்களைத் தவிர வேறு துணை இல்லை. பிணை நின்றுவிட்டு, இனி யாரும் இப்படி நிற்கத் தேவையில்லாதபடி சட்டத்தை மாற்றுங்கள் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். தீர்ப்பு வரும் வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்பது சொத்துள்ளவருக்கு மட்டும் எழுதிய விதியல்ல. அது எல்லோருக்கும் பொருந்துகிற நாள் வரை நாம் பேசிக்கொண்டே இருப்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.